கரடியார் கொட்டிய உம்

குகை வாசலில் நின்ற முயல் சுருளிக்குப் பின்னங்கால்கள் வெடவெடத்தன. உள்ளே கரடியார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

கீழே காட்டாற்றின் கரையில் விலங்குகளுக்கென்று ஒரு கல்லூரி இருந்தது. அங்கே ஆட்ட மன்றத்துக்கு மயில் பூவரசன் தலைவர், சுருளி செயலாளர். அன்று சாயங்காலம் வறண்ட ஆற்று மணலில் அவர்களுடைய விழா.

எந்த மன்றமானாலும் சரி, ஆற்றுக்குள் கூட்டம் போட வேண்டுமென்றால் முதலில் கரடியாரிடம் அனுமதி வாங்க வேண்டும். அது கல்லூரி விதி. ஆறு இறங்கி வரும் வழியில்தான் அவர் குகை. கீழே கூட்டம் இருப்பது தெரிந்தால் கண்ணை மூடாமல் காவல் இருப்பார். வெள்ளம் கிளம்பினால் காடே அதிர உறுமுவார்.

"ஐயா, இன்னைக்குச் சாயங்காலம் மணலில் விழா வச்சுக்கலாமா?" என்று சுருளி வாசலிலேயே நின்று கேட்டது.

குறட்டை நின்றது. "உம்..." என்றார் கரடியார். புரண்டு படுத்தார். மறுபடியும் குறட்டை!

சுருளி உள்ளே ஓர் அடி வைத்து, உடனே பின்வாங்கியது. தூங்குகிற கரடியைத் தட்டி எழுப்புவதா? 'உம் என்றால் சரி என்றுதானே அர்த்தம்!' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஒரே ஓட்டமாகக் கீழே வந்தது.

"என்னடா, வாலோடுதான் திரும்பினாயா?" என்று பூவரசன் கேட்டது.

"எனக்கு இருப்பதே துளி வால், அதுவும் பத்திரம்! அனுமதி கிடைத்துவிட்டது!"

சாயங்காலம் மணல் நிரம்பியது. அணில்கள் மத்தளத்தில் ஏறிக் குதித்தன. முன்வரிசையில் இடம் பிடிக்க மத்தியானமே கிளம்பிய ஆமை நாச்சி, நட்ட நடுவில் உட்கார்ந்திருந்தது.

சுருளி மட்டும் மேற்கே பார்த்தது. மலை உச்சி கறுத்திருந்தது. மின்னல் ஒரு வெட்டு வெட்டியது. சுருளி மணலில் காதை வைத்தது. அடியில் ஏதோ உருண்டது.

"பூவரசா, மலையில் மழைடா! எல்லாரையும் கரையேறச் சொல்லு!"

"இப்போதுதான் தோகையை விரித்தேன், சுருட்டச் சொல்கிறாயா? வெள்ளம் வந்தால் கரடியார் குரல் கொடுப்பாரே!"

சுருளி ஆமையிடம் ஓடியது. "நாச்சி அக்கா, கிளம்புங்க! கிளம்புங்க!"

"நல்லாயிருக்கே! இந்த இடத்துக்காகக் கால் தேய நடந்து வந்திருக்கேன். கரடியார் பார்த்துக்குவார், நீ போ தம்பி!"

யாரைக் கேட்டாலும் இதே பேச்சு. அந்தத் தைரியத்தை அவர்களுக்குக் கொடுத்ததே சுருளிதானே! உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால்?

சருகுகளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு கீற்று செம்மண் தண்ணீர் சுருளியின் காலை நனைத்தது.

ஒரே தாவலில் மத்தளத்தின்மேல் ஏறியது சுருளி. "கரடியார் சரி சொல்லவே இல்லை! தூக்கத்தில் உம் கொட்டினார்! எழுப்பப் பயந்துகொண்டு நான்தான் பொய் சொன்னேன்! மேலே காவலுக்கு யாருமே இல்லை!"

அடுத்த நொடி விழுந்தடித்துக்கொண்டு ஓட்டம்! நாச்சி ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது. சுருளி தோள் கொடுத்துத் தள்ள, பூவரசன் தோகை மண்ணில் புரள முட்டுக்கொடுத்து உருட்ட, இருவருமாக அதைக் கரையேற்றினார்கள். பின்னாலேயே ஆறு வந்தது. மத்தளம் ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணுக்கு எட்டாமல் போனது.

இரைச்சலில் விழித்த கரடியார் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். "இங்கே என்ன கூட்டம்? என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!"

எல்லாருடைய கண்ணும் சுருளிமேல் திரும்பியது. சுருளி தலையைக் குனிந்துகொண்டது.

மணல் காய்ந்தது. அடுத்த விழாவும் வந்தது. இந்த முறை சுருளி குகைக்குள்ளேயே போய், கரடியாரின் காதருகில் நின்று கேட்டது.

"உம்..."

"உம் எல்லாம் வேண்டாம் ஐயா! நான் என்ன கேட்டேன், திருப்பிச் சொல்லுங்க!" என்றது. கால்கள் இப்போதும் வெடவெடத்தன.

கரடியார் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். வாசலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தார். "மணலில் விழா வேண்டும் என்கிறாய். மேகம் கறுத்திருக்கு. இன்னைக்குக் கூடாது, போ!"

அந்தக் 'கூடாது'வை வாங்கிக்கொண்டு சுருளி துள்ளிக் குதித்துக் கீழே ஓடியது.

கேட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்வதற்காக மட்டும் அனுமதி கேட்பது, கேட்காமலே இருப்பதைவிடக் கெடுதல்.