மூன்றாவது இறக்கம்

ஓவேலி மலையில் மேஸ்திரி என்றால் ஒரே ஆள்தான். சைனம்பு. வயது முப்பத்தெட்டு. லாரியோ ஜீப்போ, கியர்பெட்டி சமாச்சாரம் என்று வந்துவிட்டால் அந்த வட்டாரத்து டிரைவர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு அவள் சொல்வதைக் கேட்பார்கள்.

அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தவர் துரைக்கண்ணு. அவருக்கு ஐம்பத்தேழு. தேயிலை ஃபாக்டரியில் முப்பது வருஷம் மெஷின் பார்த்தவர்.

"பெரியவங்க நீங்க. என்னைப் பேர் சொல்லியே கூப்பிடுங்கண்ணே" என்றாள் முதல் நாள்.

"கத்துக்க வந்த இடத்துல எனக்கு என்ன வயசு, மேஸ்திரி" என்றார்.

அப்படியே ஒன்பது மாதம் ஓடியது. ஸ்பானர் கழுவினார். எண்ணெய் பிடித்தார். திட்டு வாங்கினார். இவ்வளவும் ஒரே ஒரு வண்டிக்காக.

அது அவர் வீட்டு வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப். கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறிக்கொள்ளும். மகன் ரவீந்திரன் வாங்கியது. "சுகந்தியும் ஓட்டணும்பா, அதுக்குத்தான்" என்று சொல்லி வாங்கினான். ஒன்றரை வருஷம் ஓட்டினான். ஒரு காய்ச்சலில் ஐந்தே நாளில் போய்விட்டான். அடுத்த மாதமே கியர்பெட்டியும் போயிற்று. மருமகள் சுகந்தி நாலு வயசுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். துரைக்கண்ணுவின் மனைவி முன்பே போய்ச் சேர்ந்தவள். வீட்டில் மிஞ்சியது அவர் ஒருவர்தான்.

வண்டியை ஓட வைக்க வேண்டும். மலையிறங்கிப் போய் மருமகளையும் பேத்தியையும் சாமான்களோடு ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அவருக்கு வேறு நினைப்பே இல்லை. அதுவும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள். ஞாயிற்றுக்கிழமை சுகந்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. மேஸ்திரி வந்தபோது துரைக்கண்ணு வண்டிக்குப் பக்கத்தில் மரக்கட்டை மேல் உட்கார்ந்திருந்தார். முழங்கை வரை சிவப்பு எண்ணெய்.

"கியர்பெட்டியை ஏத்திட்டீங்களா? நான் வந்தப்புறம்னு சொன்னேனே."

"நேத்தே ஏத்திட்டேன்."

"ஓடுதா?"

"இன்ஜின் ஓடுது. சக்கரம் சுத்தலை."

அவள் சாக்கை விரித்து வண்டிக்கடியில் நுழைந்தாள். கால் மட்டும் வெளியே தெரிந்தது. பிறகு குரல் வந்தது.

"கன்வெர்ட்டர் எத்தனை தடவை இறங்கிச்சு?"

கன்வெர்ட்டர் என்பது பூசணிக்காய் மாதிரி ஒரு கனத்த இரும்பு உருண்டை. பெட்டியை இன்ஜினோடு சேர்க்கும் முன்னால் அதைப் பெட்டியின் தண்டில் ஏற்ற வேண்டும். மெல்லச் சுற்றச் சுற்ற, 'டொக்' என்று மூன்று முறை உள்ளே இறங்கும். அந்த மூன்று இறக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கையால் கேட்க, அவள் அவரை ஒரு மாதம் பழக்கியிருந்தாள்.

"மூணு" என்றார்.

வண்டிக்கடியிலிருந்து பெட்டியை ஸ்பானரால் தட்டும் சத்தம் வந்தது.

"ரெண்டு" என்றார் கொஞ்சம் கழித்து.

"அப்புறம்?"

"பெட்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவுல அரை இஞ்ச் நின்னுச்சு. எவ்வளவு தள்ளியும் ஒட்டலை. நாலு பக்கமும் போல்ட்டைப் போட்டு முறுக்கினேன். வந்து சேர்ந்துக்கிச்சு."

"வராம என்ன பண்ணும்? வரமாட்டேன்னு சொல்ல அதுக்கு வாயா இருக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பெட்டியை மறுபடி இறக்கினார்கள். சங்கிலியும் ஜாக்கியும் வைத்து, அங்குலம் அங்குலமாக. மத்தியானம் ஆகிவிட்டது. மேஸ்திரி கன்வெர்ட்டரை உருவி எடுத்தாள். எண்ணெயோடு ஒரு துண்டு வந்து விழுந்தது. சுண்டுவிரல் நகத்தளவு. அதைத் துடைத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"எண்ணெய் ஏத்தற பம்ப்போட காது. நீங்க முறுக்கினதுல ஒடிஞ்சிருக்கு. இது இல்லைன்னா எண்ணெய் ஏறாது. எண்ணெய் ஏறலைன்னா பெட்டி வெறும் இரும்பு."

"இது மட்டும் கிடைக்குமா?"

"இந்தப் பெட்டி ஒண்ணு கிடைக்கவே எட்டு மாசம் ஆச்சு அண்ணே. கோயமுத்தூர்ல பழைய இரும்புக்கடை பூரா ஏறி இறங்கினோம்."

துரைக்கண்ணு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"முப்பது வருஷம் மெஷின் பார்த்தேன், மேஸ்திரி. ஒண்ணைக்கூட உடைச்சதில்லை."

"அதெல்லாம் கம்பெனி மெஷின்."

மழை மறுபடி தூற ஆரம்பித்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"தார்ப்பாயைப் போட்டு மூடிடலாம். நானும் வண்டிக்குள்ளயே படுத்துக்கறேன். இனி எந்திரிச்சு என்ன ஆகப்போகுது?"

"உள்ளே எலி குடும்பம் நடத்துது. அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. தார்ப்பாயை இழுத்து இரண்டு பேர் தலைக்கும் மேலாகக் கட்டினாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். அந்தப் பொண்ணு உங்ககூட வர்றேன்னு சொல்லிச்சா?"

அவர் காலடிச் சேற்றை விரலால் கிளறினார்.

"சொல்லிச்சா?"

"இல்லை."

"வேற என்னதான் சொல்லிச்சு?"

உள்ளங்கைத் துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "புதன்கிழமை ஃபோன் பண்ணிச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க மாமா, எனக்கு அப்பா இல்லை, அப்பா இடத்துல நீங்க வந்து உக்காரணும்னுச்சு. நீங்க பார்த்துச் சரின்னு சொன்னாத்தான், இல்லைன்னா வேணாம்னுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வண்டியோட வர்றேன்னு சொல்லி வச்சுட்டேன்."

மேஸ்திரி கன்வெர்ட்டரைத் துணியால் துடைத்து அவர் முன்னால் உருட்டிவிட்டாள்.

"எந்திரிங்க. ஏத்துங்க."

"உடைஞ்ச பெட்டியிலயா?"

"ஏத்துங்கன்னேன்."

அவர் எழுந்தார். தூக்கித் தண்டில் பொருத்தினார். கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார். ஒன்று. சுற்றினார். இரண்டு. அதோடு நின்றது. நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினார்.

அவள் அவர் மணிக்கட்டில் பட்டென்று ஓர் அடி வைத்தாள்.

"தள்ளாதீங்க."

"இறங்கலையே."

"சுத்துங்க."

"சுத்தியும் இறங்கலைன்னா?"

"இன்னும் சுத்துங்க."

"அப்பவும் இறங்கலைன்னா?"

"எடுத்துக் கீழே வச்சுட்டு வீட்டுக்குள்ள போய்ச் சோறு தின்னணும். நேத்து நீங்க செஞ்சிருக்க வேண்டியது அதுதான்."

அவர் சுற்றினார். தார்ப்பாயில் மழை விழும் சத்தம். கண் மூடியிருந்தும் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. அதை அவள் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அரை மணி போயிருக்கும். கையை எடுத்துவிடலாம் என்று அவர் நினைத்த சமயத்தில், 'டொக்' என்று கன்வெர்ட்டர் தானாக உள்ளே போய் உட்கார்ந்தது.

"மூணு" என்றார்.

ஜாக்கியை ஏற்றிப் பெட்டியை இன்ஜினுக்கு நேராகக் கொண்டுபோனார்கள். போல்ட்டுகளை அவள் காலால் தூரத் தள்ளிவிட்டாள். "கையால." அவர் இரண்டு உள்ளங்கையையும் வைத்து நகர்த்தினார். பெட்டி போய் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டது. சுற்றிலும் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"நகம்கூட நுழையலை, மேஸ்திரி."

"ம்."

"ஆனா ஓடாது."

"ஓடாது."

"ஓடாத பெட்டியை எதுக்கு இவ்வளவு நேரம் சேர்க்கச் சொன்னீங்க?"

அவள் மண்ணெண்ணெயில் கை கழுவினாள். டப்பாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவர் கழுவவில்லை. கைகளை விரித்து வைத்துக்கொண்டு நின்றார்.

"ரவி ஃபோட்டோ அந்த வீட்டுச் சுவர்ல தொங்குது. அதுக்குக் கீழேயே நாற்காலி போட்டு மாப்பிள்ளையை உக்கார வைப்பாங்க. அவன் என்னைப் பார்த்து வணக்கம்னு சொல்லுவான். பிள்ளை எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கும். நான் சரின்னு சொல்லணும். சொன்னதும் எனக்குன்னு இருந்த எல்லாமும் போயிடும். அங்கே நான் எப்படி உக்காருவேன், மேஸ்திரி? எல்லார் முன்னாலயும் அழுதுருவேன்."

மேஸ்திரி சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைதான் அண்ணே. நாளைக்கு ஒரு நாள் பூரா இருக்கு. இங்கேயே அழுது முடிச்சுட்டு, ஞாயித்துக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடிங்க."