ஆயிரத்துக்கு அப்பால்

"இந்த எண் உடையவே மாட்டேங்குதே, அம்மா. எனக்குன்னு பார்த்து இதைக் கொடுத்துட்டீங்களே!" என்றார் பூதலிங்கம்.

அவருக்கு வயது அறுபத்திரண்டு. குருவான நல்லம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

அந்த மடத்தில் சேருகிறவருக்கு மந்திரம் கிடையாது; ஓர் எண்தான். அதை எது எது மீதியில்லாமல் வகுக்கும் என்று கண்டு சொல்ல வேண்டும். ஒன்றையும் அந்த எண்ணையும் தவிர வேறு எதுவுமே வகுக்காது என்று நிரூபித்தாலும் சரிதான். அதுவரை வாசலைத் தாண்டக் கூடாது.

பூதலிங்கத்தின் எண் 999983. எட்டு வருஷமாக மனுஷன் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறார்.

"எதுவரைக்கும் வகுத்துப் பார்த்தீங்க?"

"நாலாயிரம் தாண்டியாச்சு. எதுல வகுத்தாலும் மீதி நிக்குது."

நல்லம்மை அவர் கணக்குப் போட்டிருந்த பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஆயிரத்தை ஆயிரத்தால பெருக்கினா?"

"பத்து லட்சம்."

"உங்க எண்?"

"அதுக்குப் பதினேழு கம்மி."

"அப்போ ஆயிரத்துக்கு மேல உள்ள ரெண்டு எண்ணைப் பெருக்கி உங்க எண் வருமா?"

"எப்படிம்மா வரும்? ஒண்ணாவது ஆயிரத்துக்குள்ள இருந்தாகணும்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஆயிரத்தை எப்போ தாண்டினீங்க?"

"வந்த ரெண்டாம் வருஷம். சித்திரையில."

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? ஆறு வருஷம் மறைத்திருந்தார்.

"அன்னிக்கே தெரியும், அம்மா."

"அப்புறம் யாரைத் தேடி நாலாயிரம் வரைக்கும் போனீங்க?"

பூதலிங்கத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அந்த வருஷம் தை மாசம் என் மக வந்து கூப்பிட்டா. அம்மாவுக்கு ரொம்ப முடியலை, வாங்கப்பான்னா. இன்னும் நூத்துச் சொச்சம்தான் பாக்கி, முடிச்சுட்டு வர்றேன்னு அனுப்பிட்டேன். பங்குனியில என் சம்சாரம் போய்ச் சேர்ந்துட்டா. சித்திரையில கணக்கு முடிஞ்சுது. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் போறது?"

நல்லம்மை ஈரத்துணியால் பலகையை ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை துடைத்தாள்.

அன்று அவர் மனைவியின் திதி. வருஷா வருஷம் போல மகள் உலகம்மை சாப்பாட்டுத் தூக்கோடு வாசலுக்கு வெளியே வந்து நின்றாள். வருஷா வருஷம் கேட்பதையே கேட்டாள்.

"அப்பா, இன்னும் எவ்வளவு இருக்கு?"

பூதலிங்கம் பலகையைப் பார்த்தார். பிறகு எழுந்து வாசல்வரை நடந்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. உங்கம்மா போன மறுமாசமே முடிஞ்சுபோச்சு. உன் முகத்துல முழிக்கப் பயந்துகிட்டு உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

உலகம்மை தூக்கைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

பிறகு தூக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"பிடிங்க. வாங்க, வீட்டுல அம்மாவுக்கு இன்னும் படைக்கலை."