கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

வக்கீல் ஆராவமுதன் வீட்டுக் கம்ப்யூட்டர் பத்து நாளாக, போட்ட பத்தாவது நிமிஷம் தானாக அணைந்துகொண்டிருந்தது. வீட்டு வேலை செய்யும் செங்கமலத்தைக் கூப்பிட்டார்.

"ஈரத்துணியால துடைச்சுக் கெடுத்தது நீதான். இல்லேன்னா நிரூபி. முடியலேன்னா நாளையிலிருந்து வராதே."

செங்கமலம் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். உலைப்பானையாகச் சுட்டது.

"ஐயா, மூக்குல சந்தனத்தை அடைச்சுக்கிட்டு, வாயைத் திறக்காம பத்து நிமிஷம் உட்காருங்க. மயக்கம் வரலேன்னா குத்தம் என்னோடது."

"என்ன திமிரு உனக்கு!"

"பத்து நாளைக்கு முன்ன ஆயுத பூஜையன்னிக்கு இதோட காத்து ஓட்டையெல்லாம் அடைச்சுச் சந்தனத்தை அப்பினது யாருங்க? துடைக்கக் கூடாதுன்னு சொன்னது யாருங்க?"

வக்கீல் குனிந்து பார்த்தார். காய்ந்த சந்தனத்தை ஊக்கால் தானே சுரண்டி எடுத்தார். அன்று முழுக்கக் கம்ப்யூட்டர் அணையவில்லை. மறுநாளும் செங்கமலம் வழக்கம்போல வேலைக்கு வந்தாள்.

அடுத்த ஆயுத பூஜையில் சந்தனக் கிண்ணத்தை அவளிடமே நீட்டினார்.

"மூச்சு விடுற இடத்தை விட்டுட்டு வைக்கணும், தெரியுதா?" என்றார், அவளுக்குச் சொல்லிக் கொடுப்பவர் போல.