கடல்வந்த நாயனாரின் ஆள்

உய்யவந்தார் படகு இழுத்துப் பிழைத்தவர். படகில் உட்கார்ந்து அல்ல, கரையில் நடந்து. ஆற்றை எதிர்த்து மேலே போகும் சரக்குப் படகில் மூங்கில் நார்க் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முப்பது நாற்பது பேர் தரையைப் பார்த்தபடி குனிந்து இழுத்துப் போவார்கள். சீன தேசத்தின் கீழ்க்கரையில், நம் வணிகக் கப்பல்கள் போய்ச் சேரும் ஒரு துறைமுகத்தில், அந்தக் கூட்டத்தில் ஒரே தமிழராக அவர் ஒன்பது ஆண்டுகள் இழுத்தார்.

நாகைப் பக்கத்திலிருந்து வந்த கப்பலொன்றில் பாய் கட்டும் வேலைக்கு வந்தவர் அவர். துறைமுகம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு அந்தக் கப்பல் உடைந்தது. நீந்திக் கரையேறியவர் ஈரத் துணியோடு போய் விழுந்த இடம் நம் வணிகர்கள் அங்கே எடுத்திருந்த சிவன் கோயில். கடல்வந்த நாயனார் என்பது அங்கே இறைவன் பெயர். கூட வந்தவர்கள் அடுத்த கப்பலில் ஊர் திரும்பினார்கள். உய்யவந்தார் திரும்பவில்லை. கேட்டவர்களிடம், "நான் இங்க ஒருத்தர்கிட்ட ஆளாச் சேந்துட்டேன்" என்றார்.

துறைமுகத்துக் கிணறுகளில் உப்புத்தான் ஊறும். நாயனாரின் திருமேனியில் அந்த நீரை ஊற்றுவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. விடியலில் படகோடு மேலே போகும்போது இடுப்பில் ஒரு செப்புக் குடத்தைக் கட்டிக்கொள்வார். கடல் ஏற்றத்தின் உப்பு எட்டாத ஆற்று வளைவு ஒன்று அரைக்காத தூரத்தில் உண்டு. அங்கே நல்ல தண்ணீர் மொண்டு, தலையில் வைத்து, உச்சிக்காலத் திருமஞ்சனத்துக்கு வந்து சேர்வார். பிறகு மறுபடியும் கயிறு. மழை, வெயில், காய்ச்சல் என்று ஒருநாள் தவறியதில்லை.

பார்க்கப் பாவமாக இருக்கும். தோளில் கயிறு பதிந்த இடம் தோலாக இல்லாமல் காய்ப்பாகிவிட்டது. சந்நிதியில் கைகூப்பி நிற்கும்போதே கண் செருகி, நின்றபடி தூங்கிவிடுவார். முழங்கால் மடங்கும்போது விழித்துக்கொண்டு, "மன்னிச்சுக்க சாமி, அசந்துட்டேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். கோயில் காரியம் பார்த்த வைரமேகச் செட்டியாருக்கு இது நல்ல வேடிக்கை.

"பண்டிதரே, நம்ம நாயனாருக்குப் பள்ளியறை தனியா வேணாம். இவனைப் பாத்தாலே அவருக்குத் தூக்கம் வந்துரும்" என்பார். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அர்ச்சகர் ஈசான பண்டிதர் மட்டும் சிரிக்கமாட்டார். உய்யவந்தார் தாமும் கொஞ்சம் சிரித்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போவார்.

செட்டியாருக்கு ஆற்றில் பதினோரு படகுகள் ஓடின. அந்தப் படகுகளைத்தான் உய்யவந்தார் இழுத்தார். செட்டியாருக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இருந்ததில்லை. ஆள் பிடிப்பதும் விரட்டுவதும் கங்காணி ஹோவின் பாடு. படகு மேலே போனால் செட்டியாருக்குப் போதும்.

ஒரு கோடையில் கயிற்றை மாட்டியபடியே இரண்டு பேர் விழுந்து செத்தார்கள். செய்தி தலைநகர் வரை போயிற்று. அரசாங்கம் ஷென் என்றொரு அதிகாரியை அனுப்பியது. அவரோடு புதிய சட்டமும் வந்தது. இனிப் படகு இழுக்கிற ஒவ்வொருவனும் இன்னாருடைய ஆள் என்று பதிய வேண்டும். அந்த முதலாளி தன் ஆளுக்குப் பத்து நாளைக்கு ஒருநாள் ஓய்வு தரவேண்டும், நோயில் விழுந்தால் கஞ்சி ஊற்ற வேண்டும். முதலாளி இல்லாதவன் துறைமுகத்தில் தங்கக் கூடாது, அவனை உள்நாட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

நல்ல சட்டம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அது வந்த மறுநாளே கங்காணிமார்களுக்கெல்லாம் மறதி வந்துவிட்டது. ஆள் என்று ஒப்புக்கொண்டால்தானே ஓய்வும் கஞ்சியும் கொடுக்க வேண்டும்? "இவனா? வழியில போறவன். கயிறு கெடந்துச்சு, புடிச்சு இழுத்தான். எனக்கும் அவனுக்கும் என்ன?" என்று ஹோ முகத்தைப் பார்த்தே சொன்னான். செட்டியாரைக் கேட்டபோது, கங்காணியைக் கேளுங்கள் என்றார். படகு இழுத்தவர்கள் முதலாளிக்கும் கங்காணிக்கும் நடுவில் அனாதைகளாக நின்றார்கள்.

பதிவு நாளன்று உய்யவந்தாரும் வரிசையில் நின்றார். காலையிலிருந்து முந்நூறு பேரைக் கேட்டுக் களைத்திருந்த ஷென், நிமிராமலே கேட்டார்.

"யாரோட ஆள்?"

"நாயனாரோட ஆளுங்க."

"எந்தத் தெரு?"

"தெற்குத் தெருவுல, தமிழர் கோயிலுக்குள்ளயே இருக்கார்."

கோயிலோடு ஒட்டி வீடு வைத்திருக்கும் ஏதோ ஒரு தமிழ் வணிகர் என்று ஷென் எழுதிக்கொண்டார். எத்தனை ஆண்டு இழுத்தான், எத்தனை நாள் ஓய்வு என்றும் கேட்டு எழுதினார். உய்யவந்தார் ஏமாற்றவில்லை. அவருக்கு வேறு பதில் தெரியாது.

நான்காம் நாள் கோயிலுக்கு ஓலை வந்தது. "நாயனார் அறியவும். உமது ஆள் உய்யவந்தானுக்கு ஒன்பது ஆண்டுகளாக ஓய்வு தராதது ஏன் என்று நேரில் வந்து விளக்கவும்." செட்டியார் படித்துவிட்டு முதலில் சிரித்தார். அப்புறம் யோசித்தார், சிரிப்பு அடங்கிவிட்டது. இவனைப் பார்த்து மற்ற இழுவைக்காரர்களும் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால் அத்தனை பேருக்கும் கோயில் கஞ்சி ஊற்ற வேண்டியிருக்கும். அதோடு, இவன் இழுத்தது தம் படகாகவே இருந்துவிட்டால்? எவனாவது தோண்டுவான். நேரே ஷென்னிடம் போனார்.

"நாயனார்ங்கிறது மனுசன் இல்லீங்க, எங்க சாமி. கல்லு. இந்தப் பய உங்களை முட்டாளாக்கிட்டான்."

ஷென் உய்யவந்தாரை வரவழைத்தார். கோபமாகத்தான் தொடங்கினார்.

"பொய் சொன்னா பிரம்படின்னு தெரியுமா?"

"தெரியுங்க. பொய் சொல்லல. நான் அவரோட ஆள்தான்."

ஷென் அவர் தோளையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கை கால் உள்ள முதலாளிகள் பலர் அந்த வாரம் அவர் முன்னால் நின்று, இவன் எவன் என்றே தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். என் முதலாளி என்று ஒருவன் இவ்வளவு உறுதியாகச் சொல்லி அவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

"முதலாளிக்குக் கை கால் இருக்கணும்னு சட்டத்துல எழுதல. ஆளுக்கு ஓய்வு தரணும்னு எழுதியிருக்கு. உன் நாயனார் உனக்கு ஒருநாளாவது ஓய்வு குடுத்திருக்காரா?"

உய்யவந்தார் தலை குனிந்தார். "இல்லீங்க. நானும் கேட்டதில்ல."

"அப்ப அவரும் மத்தவங்க மாதிரிதான். பத்து நாள் தர்றேன். பத்தாம் நாள் உச்சிக்கு நானே கோயிலுக்கு வருவேன். அதுக்குள்ள அவர் உனக்கு ஓய்வு குடுத்திருந்தா நீ அவரோட ஆள். இல்லைன்னா உள்நாட்டுக்குக் கெளம்பு."

மனுஷன் இரக்கத்தில்தான் தவணை கொடுத்தார். ஆனால் உய்யவந்தாருக்கு அந்தச் சொல் பிரம்படியைவிட வலித்தது. ஊரை விட்டுப் போவது அவருக்குப் புதிதல்ல. நாயனாரை விட்டுப் போவதை நினைக்க முடியவில்லை. அதைவிட, தன்னால் நாயனாருக்குக் கங்காணி ஹோவோடு சேர்த்துப் பேர் கெட்டுப்போயிற்றே என்று மருகினார்.

பதியாதவன் கயிறு தொடக்கூடாது. அதனால் அந்த நாட்களில் குடத்தோடு தனியாக நடந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். கூலி இல்லை, சோறும் பெரும்பாலும் இல்லை. ஏழாம் நாள் காய்ச்சல் கண்டது. பண்டிதருக்கு மனம் கேட்கவில்லை.

"உய்யவந்தா, வாயைத் தெறந்து கேளேன்டா. ஒருநாள் ஓய்வு குடு சாமின்னு. கேட்டா என்ன குறைஞ்சு போகுது?"

"அசதியாத்தான் இருக்கு சாமி. இல்லைன்னு சொன்னா பொய். ஒடம்பு ஒவ்வொரு எலும்பா வலிக்குது. ஆனா அவர்கிட்டப் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வரல. அவரு மட்டும் என்ன ஓய்வாவா இருக்காரு?"

பண்டிதர் திரும்பிப் போய்விட்டார்.

பத்தாம் நாள் வந்தது. விடியலில் இழுவைக்காரர் கொட்டகையில் உய்யவந்தார் எழுந்து உட்கார்ந்தார். குடத்தை எடுக்கக் கை நீட்டினார். ஒரு நொடி சாய்ந்துவிட்டு எழலாம் என்று நினைத்ததுதான் நினைவு. கண் விழித்தபோது வெயில் கூரைக்கு நேர் மேலே நின்றது. பக்கத்தில் குடம் காலியாகக் கிடந்தது. ஒன்பது ஆண்டுகளில் இல்லாத தவறு, அதுவும் இந்த நாளில். வெறும் குடத்தைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினார். வழியில் இரண்டு இடத்தில் விழுந்தார்.

மண்டபத்தில் ஷென் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் செட்டியார். காலைப் பூசைக்குப் பின் சாத்திய கருவறைக் கதவு இன்னும் பூட்டியிருந்தது. சாவி பண்டிதர் மடியில். உய்யவந்தார் வாசலிலேயே விழுந்தார்.

"தூங்கிட்டேன் சாமி. தண்ணி கொண்டாரல. என்னை அனுப்பிச்சிருங்க."

"பாத்தீங்கல்ல?" என்றார் செட்டியார். "ஓய்வாவது ஒண்ணாவது. சொந்தமாத் தூங்கியிருக்கான்."

பண்டிதர் வேறு வழியில்லாமல், கிணற்று நீரையாவது ஊற்றுவோம் என்று கதவைத் திறந்தார். திறந்தவர் உள்ளே போகாமல் நின்றுவிட்டார். நாயனாரின் திருமேனி நனைந்து, உச்சியிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. கோமுகி வழியாக வெளியே ஓடிய நீர் பிரகாரத்தில் தேங்கி நின்றது. பண்டிதர் குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தார். செட்டியாரும் அள்ளிக் குடித்தார், ஷென்னும் குடித்தார். சர்க்கரையாக இனித்தது. அரைக்காதத்துக்குள் எந்தக் கிணற்றிலும் இல்லாத ஆற்று வளைவுத் தண்ணீர் அது.

பண்டிதர் வாசலுக்கு வந்து, "உய்யவந்தாரே, உங்க முதலாளி இன்னிக்கு உங்களைத் தூங்கவிட்டுட்டு உங்க வேலையை அவரே பாத்துட்டார்" என்றார்.

உய்யவந்தார் மகிழவில்லை. விக்கி விக்கி அழுதார். "அம்மாந்தூரமா? அந்தத் தலையிலயா குடம் சுமந்தீங்க? எனக்காகவா சாமி?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். அருகே நின்றவர்களுக்கும் கண் நனைந்தது. ஷென் சுவடியைப் பிரித்தார். உய்யவந்தார், முதலாளி கடல்வந்த நாயனார், ஓய்வு கொடுக்கப்பட்டது என்று எழுதினார். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுச் செட்டியார் பக்கம் திரும்பினார்.

"கல்லுன்னு சொன்னீங்க. அது தன் ஆளைத் தெரியும்னு சொல்லிருச்சு. உங்க படகை இழுத்தவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

அன்று மாலையே செட்டியார் தம் படகுகளை இழுத்த அத்தனை பேரையும் தம்முடைய ஆள் என்று எழுதிக் கொடுத்தார். வெட்கத்தில் கொடுத்தாரோ, பயத்தில் கொடுத்தாரோ, கொடுத்தார்.

அன்று பண்டிதர் காய்ச்சி ஊற்றிய கஞ்சியைக் குடித்துவிட்டு, உய்யவந்தார் மண்டபத்துக் கல்லிலேயே படுத்துத் தூங்கினார். சாயங்காலப் பூசைக்கு மணி அடித்தால் விழித்துவிடுவார் என்று பண்டிதர் அன்று மணி அடிக்கவில்லை. தம் ஆளின் அசதியைத் தாம் சுமந்த பெருமானும், அந்த அசதியை வாய்விட்டுச் சொல்லாத உய்யவந்தாரும் என்றும் நம் நெஞ்சில் இருப்பார்களாக.