ஒரு கிடாய்க்கு ஒரு வில்

ஒரே ஒரு ஊர் உண்டு. அந்த ஊரிலே நாலு பேர் உண்டு. அந்த நாலு பேருக்கும் கண் உண்டு, காது உண்டு, வாய் ரொம்பவே உண்டு. மண்டைக்குள்ளே என்ன உண்டு என்று இதுவரைக்கும் யாரும் திறந்து பார்த்ததில்லை.

மூத்தவன் சடையாண்டி. பனைமரத்துக்கு வேட்டி கட்டிவிட்ட மாதிரி இருப்பான். அவன் மச்சான் வெள்ளியப்பன், ஊரிலேயே யோசிக்கத் தெரிந்தவன். அப்படி அவனேதான் சொல்லிக்கொள்வான். அப்புறம் சடையாண்டியின் சித்தப்பா மக்கள் இரண்டு பேர்: கோட்டையன் பலசாலி, அவன் தம்பி சித்திரன் குள்ளம். நாலு பேரும் கூட்டாக மலையடியிலே சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டிருந்தார்கள்.

அந்தக் கிழங்கு ஒரு காட்டுப் பன்றிக்குப் பிடித்துப்போயிற்று. ஒளிந்து மறைந்து வருகிற பழக்கமெல்லாம் அதற்குக் கிடையாது. விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உச்சிப்பொழுதில் நேராக வரும். ஒரு பாத்தியைத் தோண்டித் தின்னும். ஆற அமரத் திரும்பிப் போகும்.

பதினெட்டுப் பாத்தியில் ஆறு மிஞ்சியபோது சடையாண்டியின் பெண்டாட்டி பொன்னுருவி வீட்டுக் கிடாயை அவிழ்த்து வந்து நாலு பேர் முன்னாலும் நிறுத்தினாள்.

“இந்த ஆறு பாத்திதான் ஆடி வரைக்கும் நம்ம வயித்துப்பாடு. சந்தைக்குப் போய் ஒரு வில்லு வாங்கிட்டு வாங்க. இருக்கிறது இந்த ஒரு கிடாதான், அதுக்கு மேல போகாதீங்க. வில்லுக்காரர் என்ன சொல்றாரோ அதைக் கேட்டு அப்படியே நடங்க.”

“அப்படியேவா அக்கா?” என்றான் வெள்ளியப்பன்.

“ஒண்ணு விடாம.”

அவள் தன் வாழ்நாளில் செய்த தப்பு அது ஒன்றுதான். கல்யாணத்தையும் சேர்த்தால் இரண்டு.

சந்தையிலே வில்லுக்காரர் ஆதிமுத்து மூங்கில் வில்களை நாண் பூட்டி வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார். வெள்ளியப்பன் ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, முகத்தைச் சுளித்தான்.

“என்னங்க இது, எல்லாமே கோணலா இருக்கு?”

“வில்லுன்னா வளைஞ்சுதான்யா இருக்கும்.”

“நாங்க குடுக்கிற கிடா நேரா நிக்குதா இல்லையா? கோணச் சரக்கை எங்க தலையில கட்டப் பாக்கிறீங்களே!”

ஆதிமுத்து ஒரு வில்லின் நாணைக் கழற்றினார். மூங்கில் நிமிர்ந்தது. நாலு பேர் முகமும் மலர்ந்தது. அவர் நாணை மறுபடி பூட்டினார்.

“ஐயோ, நல்லா இருந்ததைக் கெடுத்துட்டாரே!” என்றான் சித்திரன்.

“இங்க பாருங்க,” என்றார் ஆதிமுத்து. “பெரிய வில்லு ரெண்டு கிடா. இந்தச் சின்னது ஒரு கிடா, ஆறு அம்பு சேர்த்துத் தரேன். முதல் முதலாப் பழகுறவங்களுக்கு இது போதும். விரிசல் கிடையாது, ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல வளையும், இழுக்கச் சுளுவு. யார் அடிக்கப் போறது?”

சடையாண்டி முன்னால் வந்து வில்லைப் பக்கத்தில் நிறுத்தினான். அது அவன் மார்பு வரைக்கும்தான் வந்தது.

“வில்லு ஆள் உயரத்துக்கு இருக்கணுமேய்யா. உங்களுக்கு எட்டாதே.”

“இன்னொரு கிடா எங்ககிட்ட இல்லீங்க. ஊர்ல போய்ச் சரி பண்ணிக்கிறோம்.”

எப்படிச் சரி பண்ணுவீர்கள் என்று ஆதிமுத்து கேட்டிருக்கலாம். ஆனால் கிடா நல்ல கொழுத்த கிடா. அவர் கேட்கவில்லை.

“ரெண்டே விஷயம் மனசுல வச்சுக்கோங்க,” என்று மட்டும் சொன்னார். “அம்பு பூட்டாம வெறும் நாணை இழுத்து விட்டுறாதீங்க, மூங்கில் தெறிச்சுப் போயிரும். அம்பு முனை கூரு. ஊர் போய்ச் சேருற வரைக்கும் கட்டை அவிழ்க்காதீங்க.”

பாதி வழி வந்திருப்பார்கள். கோட்டையனுக்குக் கை பரபரத்தது. நாணைக் காதுவரைக்கும் இழுத்தான். இழுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

“அண்ணே, அம்பு பூட்டலையே!”

“விட்டுறாதே!” என்று மூன்று பேரும் கத்தினார்கள்.

“அப்ப அம்பைக் குடுங்க.”

சித்திரன் அம்புக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டான். “ஊர் வரைக்கும் அவிழ்க்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு.”

நாலு பேரும் ரோட்டோரம் நின்று யோசித்தார்கள்.

“நாணை மெதுவாத் தளத்தினா என்ன?” என்றான் சடையாண்டி.

“மெதுவா விட்டாலும் விட்டதுதானே மாமா?” என்றான் வெள்ளியப்பன்.

கோட்டையன் இழுத்த வில்லோடு நடந்தான். மூக்கில் ஈ உட்கார்ந்தபோதெல்லாம் சித்திரன் எம்பி எம்பி ஊதினான்.

எதிரே ஒரு வளையல்காரர் வந்தார். இழுத்த வில்லையும், வில்லுக்குப் பின்னாலிருந்த முகத்தையும் பார்த்தார். வளையல் பெட்டியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி ஓட ஆரம்பித்தார்.

“ஐயா, பெட்டி விழுந்திருச்சு!” என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு சடையாண்டி பின்னாலேயே ஓடினான். அவன் பின்னால் மற்ற மூன்று பேரும் ஓடினார்கள். கோட்டையன் வில்லை இழுத்தபடியே ஓடினான். இரண்டு ஊர் தாண்டி, வளையல்காரர் ஒரு கோயில் குளத்திலே குதித்த பிறகுதான் பெட்டியைப் படியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

“பொருள் மேல கொஞ்சமும் ஆசையில்லாத மனுஷன்,” என்றான் சடையாண்டி, மூச்சு வாங்கிக்கொண்டு.

ஊர் எல்லையில் கட்டை அவிழ்த்து, ஒரு அம்பைப் பூட்டினார்கள். கோட்டையன் விட்டான். அந்த அம்பு போன இடம் இன்றுவரைக்கும் யாருக்கும் தெரியாது. வில் பிழைத்தது. கோட்டையனின் கை மட்டும் காதோரம் அப்படியே நின்றுவிட்டது. பொன்னுருவி உருண்டை பிடித்துக் கொடுத்த சோற்றையெல்லாம் அது காதுக்கே கொண்டுபோயிற்று.

மறுநாள் காலையில் நாலு பேரும் கிழங்குக் காட்டில் கூடினார்கள். பொன்னுருவி களையெடுக்கப் போயிருந்தாள். போகும்போது, “உச்சிக்குள்ள ஏதாவது வழி பண்ணுங்க, சாமிகளா,” என்று கும்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

“வில்லு ஆள் உயரம் இருக்கணும்,” என்று வெள்ளியப்பன் தொடங்கினான். “வில்லு சின்னது, மாமா பெரிசு. வில்லை இழுத்து நீட்ட முடியாது. மாமாவைக் கொஞ்சம் குறைக்கலாமா?”

“எந்தப் பக்கம்?” என்றான் சடையாண்டி, நிதானமாக.

“மேல குறைச்சா கண்ணு போயிரும். குறி பாக்க முடியாது.”

“கீழ குறைச்சா?”

“பன்னி துரத்துனா ஓட முடியாது.”

சித்திரன் மெல்ல வில்லைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தான். அது அவன் உச்சந்தலைக்குச் சரியாக நின்றது. “நான் வேணா அடிக்கட்டுமா?”

வெள்ளியப்பன் சிரித்துவிட்டான். “போடா! உனக்குத்தான் சரியா இருக்கே. சரியில்லாதது அண்ணனுக்குத்தானே? நல்லா இருக்கிற இடத்துல எதுக்குக் கையை வைக்கிற?”

சித்திரன் வெட்கப்பட்டுப் போனான்.

கடைசியில் வெள்ளியப்பனே வழி கண்டுபிடித்தான். “மாமாவைப் பள்ளத்துல நிறுத்துவோம். உயரம் குறைஞ்சிரும்.”

பன்றி வருகிற வழியிலேயே முழங்கால் அளவு தோண்டினார்கள். சடையாண்டி வில்லோடு உள்ளே இறங்கி நின்றான். வில் மார்பு வரைக்கும்தான் இருந்தது.

“பள்ளம் பத்தலை.”

இடுப்பளவு தோண்டினார்கள். இறங்கினான். மார்பு வரைக்கும்தான் இருந்தது.

“நல்லா வளர்ற உடம்பு,” என்று கோட்டையன் ஒற்றைக் கையால் மண்வெட்டியை வாங்கிக்கொண்டான். விடாமல் தோண்டினார்கள். சூரியன் ஏற ஏறப் பள்ளம் இறங்கியது. ஒரு கட்டத்தில் மேலே தள்ளி நின்று பார்த்தால் சடையாண்டியின் உச்சிக்குடுமிகூடத் தெரியவில்லை.

“இப்ப உயரமே தெரியலை மாமா!” என்று வெள்ளியப்பன் கூவினான். “கச்சிதமாப் போச்சு!”

கயிறு போட்டு அவனை வெளியே இழுத்தார்கள். புளியமரத்தடியில் கஞ்சி குடிக்க உட்கார்ந்தார்கள்.

உச்சிப்பொழுதாயிற்று. வழக்கம்போலப் பன்றி வந்தது. பன்னிரண்டு தடவை நடந்து பழகிய பாதை. அதில் பள்ளம் இருக்கும் என்று அது நினைக்கவில்லை. தொப்பென்று ஒரு சத்தம்.

நாலு பேரும் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். பன்றி கீழே இருந்து அண்ணாந்து பார்த்தது. திரும்பக்கூட அதற்கு இடமில்லை.

“விழுந்திருச்சே!” என்றான் சடையாண்டி. “என் இடத்துல விழுந்திருச்சே!”

“அண்ணே, இப்படியே மேல இருந்து அடிச்சா?” என்றான் சித்திரன்.

“மேல நின்னா உயரம் சரிவராதுடா. காலையில இருந்து எதுக்குத் தோண்டினோம்?”

“அப்ப நீங்களும் உள்ள இறங்குங்க.”

“ஒரு ஆளுக்குத்தானே தோண்டினோம்?”

நியாயந்தான். ஆகவே முதலில் பன்றியை வெளியேற்றுவது என்று முடிவாயிற்று. சடையாண்டி குனிந்து, “கொஞ்சம் வெளிய வாங்க, ஒரு வேலை இருக்கு,” என்று மரியாதையாகவே சொன்னான். அது உறுமியது. கயிற்றை விட்டார்கள். அது கயிற்றைக் கடித்தது.

“மண்ணைத் தள்ளிப் பள்ளத்தைத் தூர்த்தா, அது ஏறி வந்திரும்,” என்றான் கோட்டையன்.

“வந்திரும். அப்புறம் மறுபடி யார் தோண்டுறது?” வெள்ளியப்பன் கண்ணை மூடினான். நெற்றியில் மூன்று கோடு விழுந்தது. கண்ணைத் திறந்தான். “கிழங்கைக் கொட்டுவோம். அது மேல ஏறி வரும். மிச்சத்தைத் தின்னுட்டே வரும். பள்ளமும் தானாக் காலியாயிரும்!”

சடையாண்டி மச்சானைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

ஒரு பாத்தியைத் தோண்டிக் கொட்டினார்கள். போதவில்லை. இரண்டு, மூன்று. பன்றி தின்றது, மிதித்தது, ஒரு முழம் உயர்ந்தது. நாலு, ஐந்து. முதுகு தெரிந்தது. ஆறாவது பாத்தியின் கடைசிக் கிழங்கைக் கோட்டையன் தன் காதோரக் கையாலேயே எறிந்தான். பன்றி ஒரு எம்பு எம்பி வெளியே வந்து, வாயில் ஒரு கிழங்கோடு மலையைப் பார்த்து நடந்தது. வயிறு தரையில் இழுபட்டது.

“சீக்கிரம் மாமா, சீக்கிரம்!”

சடையாண்டி வில்லோடு பள்ளத்தில் குதித்தான். மிச்சக் கிழங்கெல்லாம் காலடியில் கூழாகி, அவன் அடிவரைக்கும் இறங்கிவிட்டான். அம்பைப் பூட்டினான்.

“பன்னி தெரியுதா?”

“வானம் தெரியுது மச்சான்.”

“நல்லாப் பாருங்க, ஓரத்துல எங்கயாவது இருக்கும்.”

அவன் நல்லாப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன்றி மலைக்காட்டுக்குள் போய்விட்டது. இந்தப் பக்கம் பொன்னுருவி கூடையோடு வந்து நின்றாள். வெறும் மண்ணைப் பார்த்தாள். பள்ளத்தைப் பார்த்தாள்.

“கிழங்கு எங்கடா தம்பி?”

“அக்கா, கவலையை விடு,” என்றான் வெள்ளியப்பன். “இனிமே அந்தப் பன்னி நம்ம காட்டுப் பக்கமே தலைவச்சுப் படுக்காது.”

“கொன்னுட்டீங்களா?”

“எதுக்குக் கொல்லணும்? வந்தா தின்ன என்ன இருக்கு?”

பள்ளத்துக்குள்ளிருந்து சடையாண்டியின் குரல் கேட்டது. “ஒரு கிடா வில்லுக்கே இந்த வேகம், பொன்னுருவி! ரெண்டு கிடா வில்லா இருந்திருந்தா பக்கத்து ஊருக் கிழங்கையும் காப்பாத்தியிருப்போம்!”

அவனைக் கயிறு போட்டு ஏற்றினார்கள். வில்லுக்கு மாலை போட்டார்கள். பன்றியை ஒழித்த சேதியைச் சொல்ல நாலு பேரும் குலவையிட்டுக்கொண்டே ஊரைப் பார்த்துப் போனார்கள்.

பொன்னுருவி மட்டும் அவர்களோடு போகவில்லை. மலைப் பக்கம் பதிந்திருந்த குளம்படிகளைக் குனிந்து பார்த்தாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். கிழங்கு எங்கே இருக்கும் என்று தெரிந்த ஜீவன் இந்த வட்டாரத்தில் இனி அது ஒன்றுதான்; அது போன வழியிலேயே நடக்க ஆரம்பித்தாள்.