மூன்று மரத்து முசுறுகள்

அந்தக் காலத்தில், எறும்பு பேசினால் நமக்கும் காது கேட்ட காலத்தில், ஒரு தோப்பில் மாமரமும் பலாமரமும் புன்னைமரமும் கிளை உரச நின்றன. மரத்துக்கு ஒரு முசுறுக் கூட்டம். கூட்டத்துக்கு ஒரு ராணி, ஒரு வாசனை. மூக்கே இல்லாத அந்தச் செவ்வெறும்புகளுக்கு மீசைதான் மூக்கு. ஆனால் கோபம் மட்டும் மூக்குக்கு மேல் வரும். பக்கத்து மரத்து வாசனை மீசையில் பட்டால் கடித்துவிட்டுத்தான் மறுவேலை.

மாமரத்துக் காவல்காரி பொடிச்சிக்கு நீலி என்று ஒரு தங்கை. ஒரு பெருமழை அவளை அடித்துக்கொண்டுபோய்ப் பலாமரத்தில் போட்டது. உடம்பெல்லாம் பலாப்பால் அப்பிக்கொண்டதால் அங்கே அவளை யாரும் கடிக்கவில்லை. மழை விட்டதும் ஆசையாக வீடு திரும்பினாள். காவலில் நின்ற பொடிச்சியின் மீசையில் பலா வாசனை அடித்தது. பாய்ந்து காலைக் கவ்விவிட்டாள்.

“அக்கா!” என்ற அலறல் கேட்ட பிறகுதான் உறைத்தது. அதற்குள் நீலி வந்த வழியே நொண்டிக்கொண்டு ஓடிவிட்டாள்.

அதன் பிறகு பொடிச்சிக்கு இரை இறங்கவில்லை. தினமும் கிளை நுனியில் நின்று பலாமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கையை நினைத்து நினைத்துப் பாதியாகிவிட்டாள். எறும்பில் பாதி என்றால் என்ன மிஞ்சும், பாவம்.

ஆடிக்காற்று மழையோடு வந்தது. பலாமரத்து இலைக்கூடு கிழிந்து, ராணி மழையில் நனைந்தாள். முசுறுகள் இலைகளை நூலால் தைத்துத்தான் கூடு கட்டும், ஆனால் பெரியவர்களுக்கு நூல் கிடையாது. தொட்டில் குழந்தைகளின் வாயில்தான் நூல் சுரக்கும். பலாமரத்துக் குழந்தைகளைக் காற்று வாரிக்கொண்டு போய்விட்டது.

“அவங்க பாடு அவங்களுக்கு,” என்றார்கள் மாமரத்தில்.

“அங்க என் தங்கச்சி நனையிறா,” என்றாள் பொடிச்சி. தொட்டிலிலிருந்து ஒரு குழந்தையை வாயில் கவ்விக்கொண்டு பலாமரத்தில் கால் வைத்தாள்.

காவல்காரிகள் வாயைப் பிளந்துகொண்டு வந்தார்கள். குழந்தையைப் பார்த்ததும் நின்றார்கள். வாய் நிறையக் குழந்தையோடு வருகிறவள் யாரைக் கடிக்கப் போகிறாள்? அவர்கள் இலையை இழுத்துப் பிடிக்க, பொடிச்சி குழந்தையை விளிம்புக்கு விளிம்பு நகர்த்தித் தைத்தாள். அதைப் பார்த்து மாமரத்தார் வந்தார்கள். பிறகு புன்னைமரத்தாரும் குழந்தைகளோடு வந்தார்கள். கூடு எழுந்தது.

“இனி எல்லாரும் ஒரே கூட்டில இருந்திடலாமா?” என்றாள் ஒரு புன்னைக்காரி.

“வேணாம் தாயி,” என்றாள் பலாமரத்து ராணி. “உங்க வீடு உங்களுக்கு, எங்க வீடு எங்களுக்கு. வழியும் காவலும் நூலும் பொதுவா இருக்கட்டும்.” எல்லாரும் சரி என்றார்கள்.

பொடிச்சிக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. எதிரே வந்தவர்களையெல்லாம் நிறுத்தி முகத்தைத் தடவிப் பார்த்தாள். கடைசியில் ஒருத்தி நொண்டிக்கொண்டு வந்தாள். பலாப்பாலுக்கு அடியில் துளி மாம்பூ வாசனை.

“கால் வலிக்குதாடி?”

“மழை பெய்ஞ்சா மட்டும்க்கா.”

“வீட்டுக்கு வாடி.”

நீலி புதுக்கூட்டைத் திரும்பிப் பார்த்தாள். “எனக்கும் இதான்க்கா வீடு இப்போ. வழிதான் திறந்திருக்கே, நீ வந்து வந்து போ.”

பொடிச்சி தனியாகத்தான் திரும்பினாள். வழியில் வந்த ஒவ்வொருத்தியையும் தொட்டுத் தொட்டுப் போனாள்.

அன்று முதல்தான் முசுறுகள் தனித்தனி இலைவீட்டில் இருந்துகொண்டு ஒரே வழியில் போய்வருகின்றன. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல் ஓடுகிறவள்கூட, எதிரே ஒருத்தி வந்தால் நின்று, கடிப்பதற்கு முன் நம் தங்கையா என்று முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போகிறாள்.