கூட்டுப்புழுவின் பங்குப் பிசின்

விலங்குக்கும் பறவைக்கும் பூச்சிக்கும் ஒரே பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஒரு பங்குனி மாதக் காலையில், குளக்கரை மருதமரத்தடியில் வண்ண வகுப்பு நடந்தது. வந்திருந்தவர்கள்: மயில், கிளி, மீன்கொத்தி, மாங்குயில், மைனா, தேன்சிட்டு, கொண்டலாத்தி, பொன்வண்டு, ஓணான், புள்ளிமான். ஆகப் பத்து. சொல்லிக்கொடுக்க ஆறுமணிக்குருவி ஒன்று, சாமான் கொடுக்க மரங்கொத்தி ஒன்று. ஆகப் பன்னிரண்டு. பக்கத்து எலுமிச்சைச் செடியில் ஒரு கூட்டுப்புழுவும் தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் சேர்த்தால் பதின்மூன்று. அன்று அதைச் சேர்க்கவில்லை.

அப்போது இங்கே யாருக்கும் நிறம் கிடையாது. எல்லோரும் காய்ந்த மண்ணின் நிறம்தான். ஆறுமணிக்குருவிக்கு மட்டும் உடம்பில் ஒன்பது நிறம் இருந்தது. ஐப்பசியில் வடக்கிலிருந்து வரும். சித்திரை பிறக்குமுன் திரும்பிப் போகும். நீர்வண்ணம் பூசும் வேலையை அது வடக்கே கற்றிருந்தது. எல்லோரும் கேட்டுக்கொண்டதால், புறப்படுவதற்கு முந்தின நாள் ஒரே ஒரு நாள் வகுப்பு எடுக்க ஒத்துக்கொண்டது.

சாமான் சேகரிக்கும் பொறுப்பை மரங்கொத்தியிடம் விட்டார்கள். அதற்குக் கூட்டத்தில் பேச வராது. ஆனால் ஒரு பொருளைப் பார்த்து எடுப்பதில் அதை மிஞ்ச ஆள் இல்லை. மாசி முழுவதும் அதே வேலையாக அலைந்தது.

தூரிகைக்கு முதலில் ஆட்டு முடியை எடுத்து நனைத்துப் பார்த்தது. முடி நாலாபக்கமும் விரிந்தது. அணில் வாலில் உதிர்ந்த முடியை நனைத்து உதறியது. நுனி ஊசிபோலக் கூடியது. அணில் முடியே போதும் என்று முடிவு செய்தது. செங்காவி, மஞ்சள் மண், அவுரி நீலம், கரி, சுண்ணாம்பு என்று ஐந்து பொடிகளை அரைத்து, அலகுக்கு நடுவே வைத்து நெருடிப் பார்த்தது. நறநறவென்றால் மறுபடி அரைத்தது. நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்க வேறு ஆள் கிடைக்கவில்லை. காவியைத் தன் உச்சந்தலையிலும் மஞ்சளைத் தன் முதுகிலும் பூசிப் பார்த்துக்கொண்டது.

பிசின்தான் கடினமான வேலை. பிசின் கலக்காத நிறம் காய்ந்ததும் உதிர்ந்துவிடும். முருங்கைப் பிசின் ஊறியதும் கொழகொழவென்று உப்பியதே தவிரக் கரையவில்லை. வேப்பம் பிசின் கரைந்தது. ஆனால் நீலத்தை அழுக்காக்கியது. கடைசியில் கருவேலம் பிசின் தேன்போலக் கரைந்து, நிறத்தையும் கெடுக்காமல் நின்றது. ஓர் ஆளுக்கு மூன்று கட்டி என்று மரங்கொத்தி கணக்குப் போட்டது. மரத்தைக் கொத்திப் புண்ணாக்கினால்தான் பிசின் வடியும். அதனால் பேர் கொடுத்தவர்களுக்கு மேல் ஒரு கட்டிகூடக் கூடுதலாக எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டது.

பேர் கொடுக்க வந்தவர்களுக்கு மருதமரத்தில் ஆளுக்கு ஒரு கொத்து கொத்தி அடையாளம் வைத்தது. பத்துப் பேர் முடிந்த பிறகு எலுமிச்சைச் செடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணாச்சி, என் பேரையும் கொத்திக்கொள்ளுங்கள்."

இலைமேல் ஒரு புழு இருந்தது. திட்டுத் திட்டாக ஈரமாகப் பளபளத்தது.

"அடடே, பேசுகிறதே!" என்றது மைனா. "யாரோ எச்சம் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றல்லவா நான் ஒதுங்கி உட்கார்ந்தேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். புழுவும் சிரித்தது. "எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், மைனா அக்கா. அதனால்தான் இத்தனை நாள் உங்கள் வயிற்றுக்குள் போகாமல் இருக்கிறேன்."

மைனா வேறு கிளைக்குத் தாவியது.

மற்றவர்கள் போன பிறகு புழு மரங்கொத்தியிடம் மெல்லச் சொன்னது: "அண்ணாச்சி, இன்னும் சில நாளில் கூடு கட்டித் தூங்கப் போகிறேன். எழுந்தால் இறக்கை இருக்குமாம். அதற்குப் பிறகு எனக்கு ரொம்ப நாள் கிடையாது. அந்தக் கொஞ்ச நாளில் ஒரு தடவையாவது யாராவது என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும்."

"வகுப்பன்று எழுந்துவிடுவாயா, தங்கச்சி?"

"எழுந்துவிடுவேன்."

"பேர் கூப்பிடுவேன். 'உள்ளேன்' என்று நீயே வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பங்கு."

அந்த வழக்கம் முந்தின வருஷம் வந்தது. தினை பங்கிட்டபோது மயில் இரண்டு தடவை வரிசையில் நின்று வாங்கிவிட்டது. கடைசியில் நின்ற தேன்சிட்டுக்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. அதிலிருந்து மரங்கொத்தி வாயால் சொல்லாத ஆளுக்குப் பங்கு கொடுப்பதில்லை.

"சொல்கிறேன், அண்ணாச்சி" என்றது புழு.

மரங்கொத்தி பதினோராவது கொத்து கொத்தியது. பதினோரு தூரிகை கட்டியது. முப்பத்து மூன்று கட்டிப் பிசின் எடுத்தது. வகுப்புக்கு முதல் நாள் சாயங்காலம் அவற்றைப் பதினோரு கிளிஞ்சலில் ஊறப்போட்டது.

வகுப்பன்று காலையில் பேர் கூப்பிட்டது. பத்துப் பேர் "உள்ளேன்" என்றார்கள். மயில் மட்டும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தது. பதினோராவது பேரை மரங்கொத்தி எலுமிச்சைச் செடிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டது. பதில் இல்லை. மூன்று தடவை கூப்பிட்டது. கூடு லேசாக அசைந்தது. காற்றாக இருக்கும் என்று மரங்கொத்தி நினைத்தது.

ஆறுமணிக்குருவி தூரிகை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது. கிளி மஞ்சளையும் நீலத்தையும் கலந்து பச்சை ஆக்கிக்கொண்டது. ஓணான் ஒரு நிறத்தில் மனம் நிற்காமல் மாற்றி மாற்றிப் பூசியது. நடுப்பகலில் மீன்கொத்தி சொட்டச் சொட்ட வந்து நின்றது. அதன் முதுகு பாதி வெளுத்திருந்தது.

"அண்ணாச்சி, ஒரு தடவைதான் முங்கினேன். பாதி நீலம் மீனோடு போய்விட்டது."

"காயுமுன் ஏன் தம்பி தண்ணீரில் இறங்கினாய்?"

"காய்ந்த பிறகுதான் இறங்கினேன். நாளெல்லாம் குளத்தில் விழுந்து எழுகிற பிழைப்பு எனக்கு. மற்றவர்கள் அளவு பிசின் எனக்குத் தாங்குமா? அதோ ஒரு கிளிஞ்சல் சும்மா இருக்கிறதே."

"அது அந்தப் புழுவினுடையது."

"அது வரவில்லையே!"

மரங்கொத்தி எலுமிச்சைச் செடியைப் பார்த்தது. வெயில் ஏறியிருந்தது. ஊறிய பிசின் அந்த வெயிலில் மறுநாள் வரை தாங்காது, புளித்துவிடும். வீணாக்குவதும் தப்பு, வழக்கத்தை மீறுவதும் தப்பு. பேர் கூப்பிட்டாயிற்று, மூன்று தடவை கூப்பிட்டாயிற்று. பதினோராவது கிளிஞ்சலை எடுத்து மீன்கொத்தியின் கிளிஞ்சலில் கவிழ்த்தது.

வெயில் சாயும் நேரத்தில் கூடு வெடித்தது. கசங்கிய இறக்கையோடு ஒன்று வெளியே வந்து, கிளையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி முதலில் சொன்ன சொல் இதுதான்:

"உள்ளேன்."

மீன்கொத்தி புது நீலத்தோடு கிளையின் மறுபக்கம் நகர்ந்து உட்கார்ந்தது.

"காலையில் நீங்கள் கூப்பிட்டது கேட்டது, அண்ணாச்சி. உள்ளேயிருந்து சொல்லப் பார்த்தேன். கூட்டுக்குள் வாய் திறக்க முடியவில்லை. அசைந்து காட்டினேன்" என்றது வண்ணத்துப்பூச்சி.

மரங்கொத்தி தலையைத் தூக்கவில்லை. "பொடி ஐந்தும் உன் பங்குக்கு அப்படியே இருக்கிறது, தங்கச்சி. தூரிகையும் இருக்கிறது. பிசின் இல்லை."

ஆறுமணிக்குருவி விடிந்தால் புறப்பட வேண்டும். வண்ணத்துப்பூச்சியின் பக்கத்தில் வந்து சொன்னது: "பிசின் இல்லாமல் வெறும் பொடியாக வைக்கிறேன், மகளே. இதைவிட அழகாக நான் யாருக்கும் வைத்தது இல்லை என்று சொல்லும்படி இருக்கும். ஆனால் எதன்மேல் பட்டாலும் வந்துவிடும்."

"படாமல் பார்த்துக்கொள்கிறேன், வாத்தியாரம்மா."

இருட்டுவதற்குள் வேலை முடிந்தது. மறுநாள் காலையில் அது பறந்தபோது மயில்கூடத் திரும்பிப் பார்த்தது. "தள்ளி நில்லுங்கள், யாரும் தொட்டுவிடாதீர்கள்!" என்று மைனா எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தது.

மரங்கொத்தி அங்கே இல்லை. கருவேலங்காட்டுக்குப் போயிருந்தது. பக்கத்து மரங்களில் பழைய புண்ணே இன்னும் ஆறவில்லை. தூரத்து மரங்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக் கொத்தியது. ஐந்தாம் நாள் ஒரு கட்டி கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு எலுமிச்சைச் செடிக்கு வந்தது.

வண்ணத்துப்பூச்சியின் இடது இறக்கை ஓரம் இலையில் உரசி வெளுத்திருந்தது. இலைகளுக்கு அடியில் முட்டை வைத்துக்கொண்டிருந்தது.

"கிடைத்ததா, அண்ணாச்சி?"

"ஒன்றுதான் கிடைத்தது."

"அதையாவது தடவுங்களேன். ஓர் இறக்கைக்குக் காணும்."

மரங்கொத்தி யோசித்தது. "ஒரு பங்குக்கு மூன்று கட்டி. ஒன்றைத் தடவினால் ஓர் இறக்கை நிற்கும், ஓர் இறக்கை உதிரும். மூன்றும் சேரட்டும். முழுசாகச் செய்துவிடலாம்."

வண்ணத்துப்பூச்சி வெளுத்த இறக்கையை மடக்கிக்கொண்டது. "சரி, அண்ணாச்சி" என்றது.

ஒன்பதாம் நாள் மூன்று கட்டியும் சேர்ந்தன. மரங்கொத்தி வந்தபோது முந்தின இரவு பெய்த கோடைமழையில் செடி நனைந்திருந்தது. அடியில் இரண்டு இறக்கைகள் கிடந்தன. நிறமெல்லாம் கழுவிப்போய், கண்ணாடிபோல அவற்றின் வழியே அடியில் இருந்த மண் தெரிந்தது. இலைகளுக்கு அடியில் முட்டைகளை எண்ணியது. பதினான்கு. அவற்றிலிருந்து வரப்போகிறவை அம்மாவிடம் இருந்ததைத்தான் கொண்டுவரும். பொடியைக் கொண்டுவரும், பிசினைக் கொண்டுவராது.

அந்தப் பங்குனி முதல்தான், எவ்வளவு மெதுவாகப் பிடித்தாலும் வண்ணத்துப்பூச்சியின் நிறம் நம் விரலோடு வந்துவிடுகிறது. அன்று முதல்தான் மீன்கொத்தி எத்தனை முறை முங்கினாலும் அதன் நீலம் போவதில்லை. அந்தப் பதினான்குக்கும் பிசின் தேடி மரங்கொத்தி மரம் மரமாகத் தட்டிக்கொண்டு அலைவதும் அன்று முதல்தான். தங்கச்சியின் பங்கென்று எலுமிச்சைச் செடியடியில் அது வைத்துவிட்டுப் போன பிசின், மீதி மூன்று கட்டி.